ஒரு ஷிப்டு சம்பளம் வாங்கும் ஞானத்தகப்பன்

ஜெனரல் சாண்டோஸ்
ஆகஸ்ட் 19, 2018

மாரே மெர்லிட்டா,

உன் போன் கம்பெனி போன், அதில் வருவதை யாரோ படிக்கிறார்கள் என்று நீதான் சொன்னாய். அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். கையில் சூரை மீன் வாடை போகவில்லை, காகிதத்திலும் ஏறியிருக்கும். முகர்ந்து பார். மணிலாவுக்குப் போய் உனக்கு அது மறந்துபோயிருக்கும்.

நேற்று வில்மா மீன் உரிக்கும் மேஜைக்கு ஒரு பேப்பர் கொண்டுவந்தாள். பங்குச் சந்தைக்குக் கம்பெனி கொடுத்த கணக்கை அதில் போட்டிருந்தார்கள். கம்பெனியை நடத்தும் சர் கான்ராடோவின் சம்பளம் கொட்டை எழுத்தில் இருந்தது. மீன் தட்டின் மேல் விரித்து வைத்து ஆளாளுக்குப் படித்தோம். சூப்பர்வைசர் வந்ததும் வில்மா அதை ஏப்ரனுக்குள் சொருகிக்கொண்டாள்.

நீயும் நானும் ஒரே வாரத்தில் அந்த மேஜையில் சேர்ந்தோம். அப்போது அவர் சம்பளம் நம் மேஜைப் பெண்கள் எல்லாருடைய சம்பளத்துக்கும் சமம் என்று பேசிக்கொள்வார்கள். "ஒரு ஆளுக்கு இத்தனை பொம்பளைங்க சம்பளமா? அப்படி எத்தனை மீன் உரிக்கிறாராம்?" என்று நீதான் கேட்டாய், மேஜையே சிரித்தது. இப்போது அது ஒரு மேஜை இல்லை. பகல் ஷிப்டு முழுவதும். எல்லா மேஜையும், டின் அடைக்கிறவர்களும், மீன் அவிக்கிற ஆண்களும், கேட் காவல்காரரும் சேர்த்து. எங்களுக்கு இந்த வருஷம் ஏற்றம் நாளுக்குப் பன்னிரண்டு பெசோ. முட்டை ஒன்று வாங்கலாம், இரண்டாவது முட்டைக்குக் காணாது.

யூனியன் ஸ்டிரைக் ஓட்டெடுப்பு வைக்கப் பார்க்கிறது. ஆனால் யூனியன் ஆட்கள் அத்தனை பேர் பிள்ளைகளுக்கும் சர்தான் நினோங். ஞானஸ்நானத் தொட்டியில் பிள்ளையைப் பிடித்த ஞானத்தகப்பனை எதிர்த்து எப்படிக் கொடி பிடிப்பது என்று தலைவரே தலையைச் சொறிகிறார். என் ஜோனலினுக்கும் அவர்தானே. உன் மகன் ஆர்வினுக்கு நான் ஞானத்தாய் ஆகி நீயும் நானும் மாரே ஆனபோது, என் பிள்ளைக்கு நீதான் என்று அன்றே பேசிவைத்தோம். பிறகு, "சர் வர்றேன்னு சொல்றப்போ நான் எதுக்கு மாரே" என்று நீதான் ஒதுங்கிக்கொண்டாய்.

இந்த நேரம் பார்த்து உன் ஆபீஸிலிருந்து ஒரு நோட்டீஸ். அக்டோபரில் தொழிற்சாலைத் திருவிழாவுக்கு ஆயர் வருகிறாராம். எங்கள் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானத்துக்கு அடுத்த சடங்கு, உறுதிபூசுதலாம். எல்லாப் பிள்ளைக்கும் சர் மறுபடியும் ஞானத்தகப்பனாக நிற்பாராம், பெயர் அனுப்ப வேண்டுமாம்.

அந்தத் தொகை நிஜமா, மாரே? நீ அவர் அறைக்கு வெளியே உட்காருகிறவள். பேப்பர்காரன் பொய் சொல்கிறான் என்று ஒரு வரி எழுது. நான் நம்பத் தயாராக இருக்கிறேன்.

எடிதா


மகாட்டி, மணிலா
ஆகஸ்ட் 28, 2018

அன்புள்ள மாரே எடிதா,

நீங்கள் எல்லாரும் நலம் என்று நம்புகிறேன். ஆர்வின் கல்லூரியில் சேர்ந்துவிட்டான். உன்னை விசாரித்தான்.

தொகை நிஜம்தான். ஆனால் அதைத் தனியாக எடுத்துப் பார்க்கக் கூடாது. சிங்கப்பூர்க் கம்பெனி ஒன்று அவரை இழுக்கப் பார்த்தது. போர்டு ஏற்றிக் கொடுத்துத்தான் நிறுத்தி வைத்தது. சந்தையில் அவர் மதிப்பு அது. கோபப்படாதே, நீயோ நானோ மேஜையை விட்டுப் போனால் அந்த இடத்துக்கு வாசலில் பத்துப் பேர் நிற்கிறார்கள். அவர் போனால் யார் இருக்கிறார்கள்?

அவர் கெட்டவர் இல்லை. உன் வீட்டுக்காரர் நெஸ்டருக்குக் குடலிறக்கம் வந்தபோது யார் சொல்லி ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைத்தது? டிசம்பரில் ஒவ்வொரு ஞானப்பிள்ளைக்கும் ஐந்நூறு பெசோ, மடிப்புக் கலையாத புது நோட்டு. அந்த உறைகளை நிரப்புகிறவள் நான். ஒரு பிள்ளையின் பெயர்கூட விட்டுப்போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுவார். அதற்காகக் கம்பெனிப் பணத்தை வாரி இறைக்கிறார் என்றும் யாரும் சொல்ல முடியாது. எல்லாம் உங்கள் தொழிற்சாலைக் கேன்டீன் லாபத்திலிருந்து அழகாக ஏற்பாடு செய்திருக்கிறார். கம்பெனிக்கு ஒரு காசு பாரம் இல்லை. அப்படி யோசிக்கத் தெரிந்ததால்தான் அவருக்கு அந்தச் சம்பளம்.

ஓட்டெடுப்பு விஷயத்தில் நிதானமாக இரு. சொந்தத்துக்குள் ஸ்டிரைக் என்ன? ஜோனலின் பெயரையும் மற்றப் பிள்ளைகள் பெயரையும் சீக்கிரம் அனுப்பு.

உன் மாரே,
மெர்லிட்டா


ஜெனரல் சாண்டோஸ்
செப்டம்பர் 5, 2018

மாரே,

உன் கடிதத்தைக் கேன்டீனில் வைத்துத்தான் பிரித்தேன். முதல் தடவை மனதுக்குள் படித்தேன். இரண்டாம் தடவை பெஞ்சில் ஏறி நின்று சத்தமாகப் படித்தேன்.

வீட்டுச் சோறு கொண்டுவரக் கூடாது, சுத்தம் கெடும் என்று ரூல் போட்டது யார்? பகல் பூராவும் மீனைப் பிசைகிறவளுக்கு வீட்டு முட்டைப் பொரியலால் சுத்தம் கெட்டுவிடுமாம். அதனால் கேன்டீனில்தான் தின்ன வேண்டும். கிண்ணத்தில் கவிழ்த்த ஒரு பிடி சோறு, கறியே இல்லாத கறிக்குழம்பு, அதற்கு வெளிக்கடையை விட ஒன்றரை மடங்கு விலை. சம்பளம் கைக்கு வருமுன் பிடித்துக்கொள்கிறார்கள். அந்த லாபம்தானா உறையில் வருகிறது? என் தட்டிலிருந்து எடுத்த சோற்றை என் பிள்ளைக்கே பிச்சை போடுகிறாரா அந்த ஆள்?

ஒவ்வொரு டிசம்பரும் ஜோனலினுக்கு நல்ல கவுன் போட்டுக் கூட்டிப்போவேன். "கையைப் பிடிச்சு நெத்தியில ஒத்திக்கடி, நன்றி நினோங்னு சொல்லு" என்று அவள் கழுத்தைப் பிடித்துக் குனிய வைத்தது நான். அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது, மெர்லிட்டா. அவர் மேல் எரிகிறதா என் மேலா என்று தெரியவில்லை.

நான் போனால் வாசலில் பத்துப் பேராம். சரி. போன வருஷம் சர் ஒரு மாதம் ஐரோப்பா போனாரே, ஒரு டின்னாவது குறைந்ததா? எங்கள் மேஜைகள் ஒரு நாள் காலியாக இருக்கட்டும், துறைமுகத்தில் இறங்கிய மீன் சாயங்காலத்துக்குள் ஊரைக் கூட்டும். சந்தை மதிப்பு என்கிறாயே, அதை அந்த நாற்றத்திடம் கேட்டுப் பார்.

நான் படித்து முடித்ததும் வில்மாதான் வாயைத் திறந்தாள். "அப்போ நம்ம காசுதானே நம்ம பிள்ளைங்களுக்கு வந்திருக்கு? அப்போ நாமதான் நினோங். இந்த ஆள் எதுக்கு நடுவுல?" சிரிப்பு வரவில்லை யாருக்கும்.

பெயர்கள் அனுப்புவோம். கவலைப்படாதே. எல்லாப் பிள்ளைகளும் வருவார்கள்.

எடிதா


மகாட்டி
செப்டம்பர் 14, 2018

எடிதா,

நான் உனக்கு எழுதினேன். மேஜைக்கு எழுதவில்லை. பெஞ்சில் ஏறிப் படித்தாயாமே, பெஞ்சில் ஏறி.

திங்கட்கிழமை சர் என்னை உள்ளே கூப்பிட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். "கேன்டீன் கதை ஃபேக்டரி வரைக்கும் எப்படிப் போச்சு மெர்லி? நம்ம வீட்டுலயே எலி இருக்கு போல." எனக்குத் தெரியாது என்று சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, தன் காப்பியில் சர்க்கரை குறைவு என்றார். ஒன்பது வருஷமாக அந்தக் காப்பியில் சர்க்கரை போட்டதே இல்லை.

நான் அவர் காரில் முன் இருக்கையில் உட்காருகிறேன் என்பதால் நானும் அவர் கூட்டம் என்று உங்களுக்கு நினைப்பு. என் சம்பளம் என்ன என்று ஒரு நாளாவது கேட்டாயா? மூன்று வருஷமாக அது நகரவில்லை. அவருடைய ஏற்றத்துக்கு வாழ்த்துக் கடிதம் தயார் செய்ததே நான்தான். அன்றைக்கு வீட்டுக்கு நடந்து போனேன், ஜீப்னி வண்டிக்குச் சில்லறை போதவில்லை. இதை எல்லாம் நான் பெஞ்சில் ஏறிச் சொல்வதில்லை. ஆர்வின் கல்லூரிக் கட்டணத்துக்கு முன்பணம் கேட்டிருக்கிறேன், அந்தக் காகிதம் இன்னும் அவர் மேஜையில்தான் கிடக்கிறது.

திருவிழாவுக்கு அவர் தனி விமானத்தில் வருகிறார். போட்டோக்காரர்கள் வருகிறார்கள். பிள்ளைகள் வரிசையாக நிற்க, அவர் ஒவ்வொரு தோளிலும் கை வைக்கிற படம் ஆண்டறிக்கையின் அட்டைக்கு வேண்டுமாம். கோயிலில் ஏதாவது அவமானம் நடந்தால் நான் தொலைந்தேன். உன் கோபத்துக்கு என்னை விறகாக வைக்காதே. அவ்வளவுதான் கேட்கிறேன்.

மெர்லிட்டா


ஜெனரல் சாண்டோஸ்
செப்டம்பர் 30, 2018

மாரே,

பத்து நாள் உன் கடிதத்தை வைத்துக்கொண்டு சுற்றினேன். படித்தது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. உன்னைக் கேட்காமல் படித்தது தப்பு. நடந்து போனாய் என்பது மனதில் நிற்கிறது. அவரோடு காரில் போகிறவள் வீட்டுக்கு நடந்து போகிறாள். இதை நான் யாருக்கும் படித்துக் காட்டவில்லை.

என்ன நடக்கப்போகிறது என்று உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் நீயும் அங்கே இருப்பாய். வில்மா ஃபாதர் டெல்ஃபினிடம் போய்க் கேட்டாள். "ஞானஸ்நானத்துக்கு நின்னவங்களே உறுதிபூசுதலுக்கும் நிக்கணுமா ஃபாதர்?" நின்றால் நல்லது, கட்டாயம் இல்லை என்றார். உறுதிபூசுதல் பெற்ற கத்தோலிக்கர் யாராக இருந்தாலும் போதுமாம். பிறகு எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்து, "நான் எதுவும் கேட்கல, நீங்க எதுவும் சொல்லல" என்று உள்ளே போய்விட்டார்.

ஆயர் முன்னால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பின்னால் இன்னொரு மேஜைக்காரி நிற்பாள். முதல் மேஜைப் பிள்ளைகளுக்கு மூன்றாம் மேஜை, டின் அடைக்கிறவர்கள் பிள்ளைகளுக்கு மீன் அவிக்கிறவர்கள். யூனியன் தலைவரின் மகனுக்கு கேட் காவல்காரர். இதுவரை நாங்கள் எல்லாரும் தனித்தனியாக அவருக்குச் சொந்தம், ஒருவருக்கொருவர் யாரோ. அதைத்தான் அந்த மனிதர் இத்தனை வருஷம் தொட்டியருகே நின்று சாதித்தார். இனிமேல் தொழிற்சாலை முழுக்க ஒருவருக்கொருவர் மாரேயும் பாரேயும், பிள்ளை வழிச் சொந்தம். அப்புறம் ஓட்டெடுப்பு வரட்டும், யார் யாரைக் காட்டிக்கொடுக்கிறார்கள் பார்ப்போம்.

ஜோனலினுக்கு வில்மா நிற்கிறேன் என்றாள். அவள் கேட்கவில்லை. "எனக்கு மெர்லி அத்தைதான் வேணும். முதல்லயே அவங்கதானே நிக்க வேண்டியது" என்கிறாள். நான் என்ன சொல்லியும் கேட்கவில்லை, என் பெண் அல்லவா.

உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் அவள் பின்னால் அந்த இடம் காலியாக இருக்கும். வேறு யாரையும் நிறுத்த மாட்டேன்.

எடிதா


மகாட்டி
அக்டோபர் 10, 2018

எடிதா,

வில்மாவையே நிறுத்து. பிள்ளையைத் தனியாக நிற்க வைத்து வேடிக்கை காட்டாதே.

நான் முதல் வரிசையில் அவர் பக்கத்தில் உட்கார வேண்டும். அவர் பை என் மடியில் இருக்கும். ஆர்வின் காகிதத்தில் இன்னும் கையெழுத்து ஆகவில்லை. திருவிழா முடிந்து பார்க்கலாம் என்கிறார்.

உன் திட்டத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். என்னால் முடிந்தது அதுதான். இதற்கு மேல் கேட்காதே.

ஜோனலினுக்கு வெள்ளைச் செருப்பு அனுப்பியிருக்கிறேன். அளவு சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

மெர்லிட்டா


ஜெனரல் சாண்டோஸ்
அக்டோபர் 23, 2018

மாரே,

பூசை முடிந்ததும் உன்னைக் காரில் ஏற்றி விமானத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நான் கும்பலைத் தள்ளிக்கொண்டு வருவதற்குள் கதவு மூடிவிட்டது. அதனால் பின் வரிசையிலிருந்து நான் பார்த்ததை எழுதுகிறேன். மீதியை நீதான் சொல்ல வேண்டும்.

மேஜைப் பெண்கள் எல்லாரும் காலையிலேயே கலமான்சி எலுமிச்சை தேய்த்துக் கை கழுவினோம். அப்படியும் கோயில் முழுக்க மீன் வாடை. முதல் பிள்ளை போனது, பின்னால் மூன்றாம் மேஜைக்காரி போய்த் தோளில் கை வைத்தாள். சர் தனக்கு முன் யாரோ தவறாகப் போய்விட்டதாக நினைத்து, பரோங் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து நின்றார். இரண்டாவது பிள்ளை, மூன்றாவது பிள்ளை. அவர் வலது கையைக் கொஞ்சம் தூக்கியபடியே நின்றார், கீழே ஒரு தோளும் வரவில்லை. கேட் காவல்காரர் யூனியன் தலைவர் மகனின் பின்னால் போனபோதுதான் அவருக்குப் புரிந்தது. உட்கார்ந்து போனைப் பார்க்க ஆரம்பித்தார். போட்டோக்காரன் யாரை எடுப்பது என்று தெரியாமல் ஆயரின் தொப்பியை எடுத்துக்கொண்டிருந்தான்.

அப்புறம் ஜோனலின். உன் வெள்ளைச் செருப்போடு போய் நின்றாள். பின்னால் ஆள் இல்லை. ஆயர், "உனக்கு யாரம்மா நிக்கிறாங்க?" என்று கேட்டார். "வருவாங்க" என்றாள் என் பெண், திரும்பிக்கூடப் பார்க்காமல். பாட்டும் முடிந்துவிட்டது.

அப்போது சர் உன் பக்கம் சாய்ந்து காதில் என்னவோ சொன்னார். நீ உடனே எழுந்தாய். சொன்ன உடனே எழுந்தாய், மெர்லிட்டா, அதை நான் பார்த்தேன். என் பிள்ளையை அவரிடம் கூட்டிப்போகத்தான் வருகிறாய் என்று நினைத்தேன். கோயிலுக்குள் என்றும் பார்க்காமல் உன்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன், வாய்விட்டு. வில்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நீ நடுவில் ஒரு கணம் நின்றாய். பிறகு போய் அவள் தோளில் கையை வைத்தாய். அவர் பை இப்போது அவர் மடியில் இருந்தது. பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரி அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நேற்று ஓட்டெடுப்பு. எதிர்த்து ஓட்டுப் போட்டவர்களைத் தேட வேண்டியிருந்தது. சட்டப்படி நோட்டீஸ் கொடுத்தாகிவிட்டது, அடுத்த மாதம் கேட்டை மூடுகிறோம். வில்மா இப்போதே அரிசிக்குப் பணம் பிரிக்க உறை, டப்பா தேடி அலைகிறாள்.

திட்டியதற்கு மன்னித்துக்கொள். ஆனால் சொல், அவர் காதில் என்ன சொன்னார்?

உன் மாரே,
எடிதா


மணிலா
நவம்பர் 4, 2018

மாரே எடிதா,

மன்னிப்புக் கேட்காதே. நீ திட்டியது சரிதான்.

"அந்தப் பொண்ணை இங்க கூட்டிட்டு வா. அவ என் பிள்ளைதானே." அவர் சொன்னது அவ்வளவுதான். தண்ணீர் கொண்டுவா என்று சொல்கிற அதே குரல். நானும் தண்ணீர் கொண்டுவரப் போகிறவளாகத்தான் எழுந்தேன். பையை அவர் மடியில் வைத்தது கூட்டிவர இரண்டு கையும் வேண்டும் என்பதற்காக. பாதி தூரம் வரைக்கும் நான் அவர் சொன்னதைத்தான் செய்யப் போனேன். இதை நீ வேறு மாதிரி நினைத்துக்கொண்டிருந்தால் மாற்றிக்கொள்.

அப்போது ஜோனலினுக்கு என் காலடிச் சத்தம் கேட்டிருக்க வேண்டும். திரும்பவில்லை. வலது தோளில் கிடந்த முடியைக் கையால் எடுத்து முன்னால் விட்டுக்கொண்டாள், என் கைக்கு இடம் வேண்டுமே என்று. அதற்கு மேல் என்னால் அவளை எங்கேயும் கூட்டிப்போக முடியவில்லை.

விமானத்தில் அவர் என்னோடு பேசவில்லை. மறுநாள் என் நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். நல்ல பெண், கண்ணைப் பார்த்துப் பேசக் கூச்சப்பட்டாள். அவளுக்கு என்னை விடக் குறைந்த சம்பளம் என்று கேள்வி. ஆர்வினின் காகிதம் கையெழுத்தில்லாமல் திரும்பி வந்தது. அவன் இந்த வருஷம் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகிறான். அவன் அழவில்லை, நான்தான் அழுதேன், பிறகு கோபம் வந்து அழுகை நின்றுவிட்டது. அந்த அறையில் என் காதில் கடைசியாக விழுந்தது இது: ஸ்டிரைக் காலத்தில் கம்பெனியைக் காப்பாற்றுவதற்காகப் போர்டு அவருக்குத் தனியாக ஒரு ஊக்கத்தொகை தரப்போகிறது. நீங்கள் பட்டினி கிடந்தால் அதற்கும் அவருக்குச் சம்பளம் உண்டு. இரண்டாம் ஷிப்டையும் சேர்த்துக்கொள் உன் கணக்கில்.

நாளை கப்பல் ஏறுகிறேன். மேஜையில் இடம் கேட்டு வரவில்லை. மேஜையே காலியாகப் போகிறது. கேட்டில் நிற்க வருகிறேன், ஜோனலினுக்கு ஞானத்தாய் வேறு ஊரில் இருந்தால் எப்படி?

ஒன்று மட்டும் எடுத்துக்கொண்டு வருகிறேன். இந்த டிசம்பருக்கான உறைகள் அச்சாகி வந்து என் மேஜைக்கடியில் இருந்தன. ஒவ்வொன்றிலும் அவர் சிரித்த முகம், கீழே "உங்கள் அன்பு நினோங்". இன்னும் நோட்டு வைக்கவில்லை. ஒரு பெட்டி முழுக்கத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். திருட்டு என்பார்கள். கேன்டீன் காசில் அச்சடித்தது, உங்கள் பொருள்.

வில்மா டப்பா தேட வேண்டாம். அரிசிக்குப் பணம் பிரிக்க இதையே நீட்டச் சொல். முகத்தின் மேல் எதையும் ஒட்ட வேண்டாம், அப்படியே இருக்கட்டும். அந்த உறையில் எப்போதும் இருந்தது உங்கள் பணம்தான். இந்த வருஷம் அது எல்லாருக்கும் தெரிந்து இருக்கட்டும்.

உன் மாரே,
மெர்லிட்டா